மெகசினுக்குள் மிளகு

நான் பழுது பார்த்து அனுப்பிய விளையாட்டுத் துப்பாக்கிகளில் என் மேசைக்குத் திரும்பி வந்தது ஒன்றே ஒன்றுதான். அது போலீஸ் ஜீப்பில் வந்தது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு மாத்தளை டவுனில் ரிப்பேர் மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற உங்களில் பாதிப்பேர் அந்தக் காலத்தில் பால் போத்தலோடு இருந்தவர்கள். பறக்கிற கெமராவையும் ரிமோட் காரையும் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுகிறீர்கள். கெட்டிக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் திருத்திக் கொடுத்த சாமான் கடைப் படியை இறங்கிய பிறகு எந்த வழியாகப் போகும், யார் கண்ணில் படும் என்று உங்களில் ஒருவரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. எனக்கும் அந்த யோசனை இருந்ததில்லை. அது எப்படி வந்தது என்பதை எழுதுகிறேன்.

நான் எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். என் வேலையைப் பார்க்கிற எல்லோரும், "கொழுந்து கிள்ளின விரல், அதான் நுணுக்கமா வருது" என்பார்கள். நான் ஒரு நாளும் கொழுந்து கிள்ளியதில்லை. எட்டாம் வகுப்போடு டவுனுக்கு வந்துவிட்டேன். குடைக்குக் கம்பி மாற்றினேன், மணிக்கூட்டுக்குப் பட்டி மாற்றினேன், பேசாத பொம்மைகளைப் பேச வைத்தேன். என் விரல்களுக்கு வேலை தெரிந்தது நான் கற்றுக்கொண்டதனால். தேயிலைச் செடிக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. அதன் பின்பக்கத்தில், ஜன்னலோரம், என் மேசை. முதலாளி ஒரு முஸ்லிம் வியாபாரி. நான் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைப் புள்ள என்று கூப்பிடுவார். நோன்புப் பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் பெட்டி பெட்டியாக ஸ்பிரிங் துப்பாக்கிகள் வந்து இறங்கும். பிளாஸ்டிக் துப்பாக்கிதான், ஆனால் அச்சு அசலாக இருக்கும். அதைப் பொம்மை என்று காட்டுவதற்காகக் குழாயின் வாயில் ஒரு சிவப்பு மூடி போட்டிருப்பார்கள். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட்டு விசையை அமுக்கினால் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான வெள்ளை உருண்டை ஒன்று பறக்கும். உருண்டைகளை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகுகிற பெட்டிக்கு மெகசின் என்று பெயர்.

பழுது என்று பத்து வந்தால் ஒன்பது அந்த மெகசினால் வந்ததாக இருக்கும். ஒன்றில் செருக முடியாது, ஒன்றில் செருகினால் நிற்காது, இன்னொன்றில் நின்றாலும் உருண்டை மேலே ஏறாது. எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்லிக்கொண்டு வருவார்கள்: "ஸ்பிரிங் போச்சு." ஒரு பெருநாளுக்கு முந்தின வாரம் ஒரு பெட்டி முழுக்க அப்படி வந்தது. அடுத்த கடை ரிப்பேர்காரர் வந்து நாலைந்து ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் குப்பை, திருப்பி அனுப்புங்கள் என்று நானாவிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. ஒரு பேனாவின் மையை எடுத்துவிட்டு அந்தக் குழாய்க்குள் உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். பாதி வழுக்கிக்கொண்டு போயின, பாதி நடுவில் நின்றன. உருண்டையில் அச்சு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது, வட்டமே சரியில்லை. துப்பாக்கி சுத்தம். இரண்டு நாள் உட்கார்ந்து உருண்டைகளைத் தெரிந்தெடுத்துப் பிரித்தோம், அந்தப் பெட்டியில் ஒன்றுகூட வீணாகவில்லை. அடுத்த கடைக்காரர் அதற்குப் பிறகு எனக்குத் தீர்ப்புச் சொல்ல வந்ததில்லை. துப்பாக்கி சண்டித்தனம் பண்ணினால் முதலில் அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் பாடம். பிறகு அதே பாடம் எனக்கே மறந்துபோனது வேறு கதை.

ராமையா அண்ணன் வந்தது யுத்தம் மறுபடி மூண்டிருந்த வருஷங்களில். எல்கடுவ ரோட்டில் ஒரு கொக்கோத் தோட்டத்துக்கு அவர் காவல்காரர். ஐம்பது வயதுக்கு மேல், மெலிந்த ஆள், பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுவார். குரங்குகளை விரட்டத் தோட்டத்தில் யாரோ கொடுத்த ஒரு கறுப்புத் துப்பாக்கியைக் கொண்டு வந்தார்.

"கொரங்குங்க ஒரு காய மிச்சம் வைக்க மாட்டேங்குதும்மா. ஒடச்சு, உள்ள இருக்கிறத சப்பிட்டு, கொட்டைய நம்ம மேலயே துப்புது. இத எடுத்துக்கிட்டு ஓடுனா இந்தப் பொட்டி கழண்டு விழுந்துருது. நான் பொட்டியத் தேடுறேன், அது மரத்துல இருந்து வேடிக்க பாக்குது."

மெகசினைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அது அந்தத் துப்பாக்கியோடு பிறந்ததில்லை. வேறொன்றின் மெகசின், அளவில் ஒரு நூல் சிறியது. அதனால்தான் ஆடியது, கொக்கி பிடிக்காமல் விழுந்தது. வேறு மெகசின் தேடிப் பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த மெகசினையே அந்தத் துப்பாக்கிக்குப் பொருத்திக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பால்மா டின்னிலிருந்து மெல்லிய தகடு வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டினேன். கொக்கி விழுகிற இடத்தை அரத்தால் ராவி ஆழமாக்கினேன். கையில் கனமாக இருந்தால் தேவலை என்று அவர் சொன்னார், அடியில் தூண்டில் ஈயம் ஒன்றையும் வைத்து மூடினேன். செருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கழற்றி மூன்று தரம் அவருக்குக் கேட்கவைத்தேன்.

சிவப்பு மூடியைக் காணவில்லை என்பதைக் கவனித்தேன். கேட்டேன்.

"கழட்டிட்டேம்மா. செவப்பு மூக்கப் பாத்தா பொம்மன்னு அதுங்களுக்கே தெரிஞ்சுபோகுது. கறுப்பா இருந்தாத்தான் ஓடுது."

குரங்குகளின் படிப்பை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மேசை லாச்சியில் ஒரு டப்பா நிறையச் சிவப்பு மூடிகள் இருந்தன. கையை நீட்டினால் எடுக்கலாம். எடுக்கவில்லை. மெகசினுக்குத்தானே கொண்டுவந்தார், மூடிக்கு இல்லையே என்று விட்டுவிட்டேன். மெகசினைச் செருகியபடியே, கடையின் பெயர் போட்ட பையில் போட்டு, புது உருண்டைகளில் ஒரு பொட்டலமும் வைத்துக் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் டவுனுக்கு வருகிற பஸ்களை நிறுத்திச் சோதிப்பார்கள் என்பதை உங்கள் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். எல்லோரும் இறங்கி வரிசையாக நடக்க வேண்டும். பையைத் திறக்க வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தமிழ்ப் பெயராக இருந்தால் அட்டையை இன்னொரு தரம் பார்ப்பார்கள். நானே கிழமைக்கு இரண்டு தரம் அப்படி இறங்கி ஏறியவள். எல்லாம் தெரிந்துதான் மூடியில்லாத கறுப்புத் துப்பாக்கி ஒன்றை ஒரு தோட்டத்து மனிதரின் கையில் கொடுத்து அனுப்பினேன். 'டக்' சத்தம் என் காதை அடைத்துவிட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். காலை பத்து மணி இருக்கும், கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒரு சார்ஜன்ட் உள்ளே வந்து நம் கடைப் பையை மேசையில் விரித்தார். உள்ளே என் துப்பாக்கி, தனியாக ஒரு பொலித்தீன் உறைக்குள். முந்தின நாள் மத்தியானம் பஸ்ஸில் ஒரு ஆளிடமிருந்து எடுத்தோம், இதற்குள் வேலை செய்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

நானா முந்திக்கொண்டார். "எத்தனையோ ஆக்கள் வந்து போற கட, சேர். பையி எல்லாருக்கும்தான் குடுக்கிறது." சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

உடனே சொன்னேன். "முதலாளிக்கு இது தெரியாது சேர். நான் செய்த வேலை."

ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். டவுன் முழுக்கப் பார்த்தது. நான் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டேஷனில் ராமையா அண்ணன் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் வெளிறிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்க முடியவில்லையாக்கும் என்று எனக்குக் கோபம் வந்தது. அவருடைய மனைவி வெளியே கேற்றுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து நிற்பதாக ஒரு கான்ஸ்டபிள் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், குரலை உயர்த்தாதவர். மேசையில் பத்திரிகைத் தாள் விரித்து அதன்மேல் துப்பாக்கியை வைத்திருந்தார், வாய் சுவரைப் பார்த்தபடி.

"இது விளையாட்டுத் துப்பாக்கி என்று எனக்கும் தெரிகிறது, நங்கி" என்றார் சிங்களத்தில்; நங்கி என்றால் தங்கச்சி. "அதற்குள் நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது. பொம்மை இவ்வளவு கனம் இருக்காது. ஓரத்தில் தகரம் தெரிகிறது. மெகசின் கழற்ற வரமாட்டேன் என்கிறது. உடைக்க எனக்கு இஷ்டமில்லை. இன்றைக்குப் பின்னேரம் இதைக் கொழும்புக்கு அனுப்பப்போகிறேன். ஆளையும் சேர்த்துத்தான்."

கொழும்புக்குப் போகிற தமிழ் ஆள் எப்போது திரும்புவார் என்று அந்த வருஷங்களில் யாராலும் சொல்ல முடியாது. மாதமாகலாம், வருஷமாகலாம். ஒரு நூல் அளவு பொருத்தத்துக்காக நான் காட்டிய கெட்டிக்காரத்தனம் அந்த மனிதரைக் கொழும்புக்கு ஏற்றப்போகிறது.

"நான் கழற்றித் தருகிறேன் சேர்" என்றேன்.

அவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் பின்னால் தள்ளி நின்றார்கள், அவர்கள் கையில் இருந்தது பொம்மையில்லை. நான் துப்பாக்கியைத் தூக்கவில்லை, தாளின் மேலேயே வைத்துக்கொண்டு கொக்கியின் பொத்தானை அமுக்கி இழுத்தேன். வரவில்லை. இன்னொரு தரம் அமுக்கினேன். அசையவே இல்லை. வாழ்க்கையில் எனக்கு அப்படி வியர்த்ததில்லை. என் வேலை, என் கைக்கே கட்டுப்படவில்லை.

மேசையில் ஒரு ஸ்குரூ டிரைவர் கிடந்தது. அதை விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் வெடித்துத் திறந்திருக்கும். ஆனால் வெடிக்கிற சத்தம் எப்படிப்பட்ட சத்தம் என்று பின்னால் நிற்கிறவர்களுக்கு யார் விளக்குவது? அதோடு, உடைந்து தூளான ஒன்றை வைத்து அது ஒழுங்கான பொம்மைதான் என்று யாருக்கு நிரூபிப்பது? தம்பிமாரே, தங்கச்சிமாரே, அவசரத்தில் கை தானாக ஆயுதத்தைத் தேடும். கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன். என் மேசையிலிருந்து போகும்போது இது சரியாக இருந்தது. கழன்றது, மாட்டியது, மூன்று தரம் பார்த்தேன். பிறகு மாறியது என்ன? அப்போதுதான் பேனாக் குழாய் ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பி ராமையா அண்ணனைப் பார்த்தேன். தமிழில் பேச இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, நான் குடுத்த உருண்ட முடிஞ்ச பொறகு இதுக்குள்ள என்ன போட்டீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே. திட்ட மாட்டேன்."

"மொளகும்மா" என்றார். "பாயில காயப் போட்டிருந்த மொளகு. அளவு அப்படியே இருந்துச்சு. நாலு தரம் நல்லாத்தான் போச்சு. அப்பறம் மழ. நனஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் இழுக்கவும் முடியல, கழட்டவும் முடியல. ஒங்ககிட்டதான் கொண்டாந்துகிட்டிருந்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

வீட்டுக்கு வீடு மிளகு காய்கிற மாத்தளைக்காரனைத் தவிர உலகத்தில் யாருக்கும் இந்தப் புத்தி வராது. எனக்கு ஒரு நொடியில் உள்ளே நடந்தது முழுக்கத் தெரிந்தது. அரைகுறையாகக் காய்ந்த மிளகு நனைந்து ஊதியிருக்கிறது. மேலே ஏறிய ஒன்று பாதி மெகசினிலும் பாதி குழாய்ப் பக்கத்திலுமாக நசுங்கி ஆப்பு மாதிரி இறுகியிருக்கிறது. மெகசின் ஆடினால்கூட அது விடுபட்டிருக்கும். ஆடாமல் இருக்கத்தான் நான் தகடு வைத்திருந்தேனே.

அந்த ஆப்பு விடுபட ஒரே வழிதான். துப்பாக்கியின் மேல்பாகத்தை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்க வேண்டும். சுடப் போகிறவன் செய்கிற அதே செய்கை. அதை நான் செய்தால், கறுப்புத் துப்பாக்கியை ஒரு தமிழ்ப் பெண் இழுக்கிறாள் என்றுதான் பின்னால் நிற்கிற பையன்களுக்குத் தெரியும்.

"சேர்" என்றேன், "மேல்பாகத்தை நீங்கள் இழுத்துப் பிடியுங்கள். வாய் சுவரைப் பார்த்தே இருக்கட்டும். நான் பொத்தானை மட்டும் அமுக்குகிறேன். உள்ளே மிளகு இருக்கிறது."

"என்ன இருக்கிறது?"

"மிளகு, சேர்."

அவர் என்னையும் ராமையா அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து இடது கையால் பிடித்து, வலது கையால் இழுத்தார். முதல் இழுப்பில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தார், கரகரவென்று பின்னால் வந்தது. நான் பெருவிரலை வைத்து அமுக்கினேன். மெகசின் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அப்போதும் அந்தச் சத்தம் சுத்தமாகத்தான் கேட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது.

மெகசினைத் தாளில் கவிழ்த்துத் தட்டினேன். ஊதிப்போன மிளகுகள் உருண்டன. ஒரு கான்ஸ்டபிள் தும்மினார். தகடு, தூண்டில் ஈயம், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்து, எது எதற்கு என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஒரு மிளகை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார்.

"காயாத மிளகு" என்றார். "இதைக் கடைக்காரனும் எடுக்கமாட்டான்."

அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. துப்பாக்கியின் வாயை விரலால் தொட்டுக் காட்டி, இங்கே இருந்த சிவப்பு மூடி எங்கே என்று கேட்டார். நான் குரங்குக் கதையைச் சொன்னேன்.

"அவன் படிக்காத மனிதன், குரங்குக்காகக் கழற்றினான். அது இல்லாததை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் சேர்."

"பார்த்துவிட்டுத்தான் கொடுத்தீர்களா?"

மறுநாளிலிருந்து சிவப்பு மூடி இல்லாமல் ஒரு துப்பாக்கிகூட என் மேசையை விட்டுப் போகவில்லை, கேட்டாலும் போகவில்லை. மெகசின் எப்போதும் தனிப் பொட்டலமாகத்தான் போனது. நானா ஆரம்பத்தில் முணுமுணுத்தார், பிறகு அவரே வருகிறவர்களிடம், "மூடி இல்லாம அந்தப் புள்ள தராது" என்று சொல்லத் தொடங்கினார்.

துப்பாக்கியை அவர்களே வைத்துக்கொண்டார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு ராமையா அண்ணனை விட்டார்கள். அவரையும் அவர் மனைவியையும் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீங்கின உதட்டால் அவருக்குச் சூடாகக் குடிக்க முடியவில்லை, பணிஸைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றார். என் மனதில் இருந்த கோபம் அடங்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"என் பேரச் சொல்லித்தான் ஆகணுமாண்ணே?"

அவர் மனைவிதான் தலையை நிமிர்த்தினாள். "அவரு எங்கம்மா சொன்னாரு? அதுக்குத்தான அந்த அடி."

ராமையா அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாரு செஞ்சு குடுத்ததுன்னு விடிய விடியக் கேட்டாங்கம்மா. நான் வாயத் தொறக்கல. கடப் பையப் பாத்துட்டு அவங்களாத்தான் வந்துட்டாங்க. நீங்க உள்ள வந்தப்ப எனக்கு உசுரே போச்சு. ஒருத்தன் உள்ள இருந்தா பத்தாதா?"

நான் இன்னொரு பணிஸ் எடுத்து அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

இப்போது உங்களிடம் ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். சார்ஜன்ட் கேட்டதும் உடனே சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையில்லை. நானா தலையாட்டியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். சார்ஜன்ட் நம்பாமல்தான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், பையைச் சுருட்டினார், வெளியே போனார். நான் திரும்பி வந்து என் மேசையில் உட்காரக்கூடச் செய்தேன். லாச்சி பாதி திறந்திருந்தது. சிவப்பு மூடி டப்பா தெரிந்தது. வெளியே ஜீப் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் எழுந்து ஓடினேன். நானா கூப்பிட்டது கேட்டது, நிற்கவில்லை. நகரத் தொடங்கிய ஜீப்பின் பக்கவாட்டில் தட்டி நிறுத்தி, மூச்சிரைக்க, "அது நான் செய்த வேலை" என்றேன்.

நான் பிந்திப்போனவள்தான். ஆனாலும் ஓடினேன். இத்தனை வருஷ வேலையில் எதை நினைத்துப் பெருமைப்படுகிறாய் என்று யாராவது கேட்டால், அந்த 'டக்' சத்தத்தைச் சொல்லமாட்டேன். கடைப் படியிலிருந்து ஜீப் வரைக்கும் ஓடிய அந்தப் பத்துப் பதினைந்து அடியைத்தான் சொல்வேன்.